ஒன்பது மிளகாயில் ஏழு

நூற்றுப் பன்னிரண்டு. பக்கத்து வீட்டு ஃபிட்டரின் மிளகாய்ச் செடியில் அன்று காலை நான் எண்ணியது அது. பழம் முப்பத்தேழு, காய் எழுபத்தைந்து. பூவைச் சேர்க்கவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் என்னிடம் பத்துச் செடிகள் இருந்தன. பத்திலும் சேர்த்து நாற்பத்து மூன்று காய். எங்கோ தப்பாக எண்ணியிருப்பேன் என்ற நம்பிக்கையில் அவருடைய செடியை மறுபடியும் எண்ணினேன். நூற்றுப் பதினான்கு வந்தது.

எழுபதுகளின் நடுப்பகுதி. கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை எழும்பிக்கொண்டிருந்த காலம். நான் ஓர் இரும்பு ஆலையில் டைம் ஆபீஸ் குமாஸ்தா. காலையில் எத்தனை பேர் உள்ளே வந்தார்கள், மாலையில் எத்தனை பேர் வெளியே போனார்கள் என்று அட்டைகளை எண்ணிக் கணக்குச் சரிபார்ப்பது என் வேலை. சொந்த ஊர் திருவள்ளூர். முதல் ஆறு மாதம் பேசின் பிரிட்ஜில் வண்டி மாறி, ஒரு நாளைக்கு நான்கு ரயில் என்று போய்வந்தேன். உடம்பு தாங்கவில்லை. கல்யாணமும் ஆனதால் ஆலைக்கு அருகிலேயே ஒரு லைன் வீட்டில் குடியேறினேன். ஒரே கூரையின் கீழ் ஆறு வீடுகள். என்னுடையது ஐந்தாவது. கடைசி வீடு எங்கள் ஆலையின் ஃபிட்டருடையது. எங்கள் இருவரின் பின்கட்டுக்கும் நடுவில் இடுப்புயரச் சுவர் ஒன்று.

நான் பி.யூ.சி. வரை அறிவியல் படித்தவன். அந்தப் படிப்பில் எனக்கு நினைவில் தங்கியது ஒன்றே ஒன்றுதான்: மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை வருடக்கணக்கில் எண்ணிக்கொண்டிருந்த ஒரு பாதிரியாரின் கதை. நெட்டையையும் குட்டையையும் சேர்த்தால் முதல் தலைமுறையில் எல்லாமே நெட்டை, அடுத்த தலைமுறையில் நான்குக்கு ஒன்று குட்டை. எண்ணுவதற்கு இப்படி ஒரு பலன் உண்டு என்று அதற்கு முன் யாரும் எனக்குச் சொன்னதில்லை.

நான் உண்டாக்க நினைத்தது ஒரு மிளகாய். மளிகைக் கடைக் குண்டு மிளகாய் வற்றலிலிருந்து விதை எடுத்து முளைக்க வைத்திருந்தேன். கட்டை விரல் பருமன், ஆனால் காரம் போதாது. தொங்கும் காய். ஃபிட்டருடையது நேர் எதிர். தடாவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவருடைய மாமியார் மூட்டையில் வந்த வானம் பார்த்த மிளகாய். நகத்தளவு நீளம், காய் எல்லாம் மேல்நோக்கி நிற்கும், கடித்தால் காது அடைக்கும். குண்டின் பருமனும் அதன் காரமும் வானம் பார்த்த நிற்பும் ஒரே செடியில் வரவேண்டும். வந்தால் அந்த லைன் வீட்டில் ஆறு குடும்பமும் மிளகாய்க்கு அவர் சுவரை விட்டு என் சுவருக்கு வரும். வேறொன்றும் நான் ஆசைப்படவில்லை.

அவர் செடியை வளர்த்ததாகவே சொல்ல முடியாது. குழாயடியில் தானாக முளைத்தது. பாத்திரம் கழுவின தண்ணீர், டீத்தூள் சக்கை, மீன் அலசின தண்ணீர், இவ்வளவுதான் அதற்குப் போஷணை. நானோ மண்ணெண்ணெய் டின்களை வெட்டி, அடியில் ஆறாறு ஓட்டை போட்டு, எருவும் செம்மண்ணும் மணலும் அளந்து கலந்து, ஒவ்வொரு டின்னுக்கும் எண் எழுதி ஒட்டி வளர்த்தேன். ஆலை கேன்டீன்காரர் சைக்கிளில் வந்து அவரிடம் கைநிறையப் பறித்துக்கொண்டு போவார். போகிற வழியில் என் டின்களைப் பார்த்துவிட்டு, "இது இன்னா சார், நம்பர் எல்லாம் போட்டுக் கீது, ரேஷனா?" என்று கேட்பார்.

ஒரு நாள் இட்லிக்கு என் மனைவி அரைத்த சட்னி வழக்கத்தைவிட நன்றாக இருந்தது. கேட்டிருக்கக் கூடாது. கேட்டேன்.

"பக்கத்து ஊட்டுது. நாலு கிள்ளிப் போட்டேன்" என்றாள். அவள் பிறந்த ஊர் செவ்வாப்பேட்டை.

"நம்ம ஊட்ல பத்துச் செடி இருக்கு."

"இருக்கு. எதத் தொட்டாலும் நூல் கட்டிக் கீது. தொட்டா கத்துறீங்க. அது மொளகாயா, தாயத்து கட்டுன கொழந்தையா?"

சுவருக்கு அந்தப் பக்கம் ஃபிட்டரின் மனைவி சிரித்தது கேட்டது. அதோடு என் மனைவியும் சேர்ந்து சிரித்தாள். நான் இட்லியை ஆறோடு நிறுத்திக்கொண்டேன்.

நூல் கட்டியதற்குக் காரணம் உண்டு. மிளகாய்ப் பூ தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக்கொண்டுவிடும். அது நடக்குமுன், மறுநாள் விரியப் போகிற மொட்டை முந்தின மாலையே ஊசியால் பிரித்து, உள்ளே இருக்கும் ஐந்து மகரந்தப் பைகளையும் இடுக்கியால் கிள்ளி எடுத்துவிட வேண்டும். பிறகு பஞ்சு சுற்றி மூடி, காலையில் வேறு செடியின் மகரந்தத்தை அந்தச் சூல் முனையில் தடவ வேண்டும். தடவிய பூவுக்கு அடையாளம் சிவப்பு நூல். முதல் வருடம் முப்பத்தாறு பூக்களுக்குச் செய்தேன். முப்பது உதிர்ந்தன. ஆறு காய் நின்றது.

மகரந்தம் ஃபிட்டர் செடியிலிருந்து எடுத்ததுதான். அவர் காலை ஆறு மணி ஷிப்டுக்குப் போய்விடுவார். அவர் மனைவி ஏழரைக்குத் தெருக்குழாய்க்குப் போனால் திரும்ப இருபது நிமிடம் ஆகும். அதற்குள் சுவர்மேல் சாய்ந்து, தீக்குச்சி முனையில் ஒற்றி எடுப்பேன். கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். செடியையே பிடுங்கிக் கொடுத்திருப்பார். அதனால்தான் கேட்கவில்லை.

அந்த ஆறு காயின் விதையில் வந்த செடிகள் எல்லாமே அச்சில் வார்த்ததுபோல் ஒரே மாதிரி இருந்தன. நடுத்தரப் பருமன். காரம் உண்டு. ஆனால் ஒவ்வொரு காயும் தொங்கியது. எனக்கு இது தெரிந்ததுதான், பாதிரியார் கணக்குப்படி முதல் தலைமுறையில் ஒரு குணம் ஒளிந்துகொள்ளும். ஆனால் அதைச் சுவருக்கு அந்தப் பக்கம் விளக்க முடியுமா?

"இன்னா சார், எல்லாம் தலயத் தொங்கப் போட்டுக்கினு கீது? ஓவர்டைம் பாத்துச்சா?" என்றார் ஃபிட்டர்.

"அடுத்த தலைமுறையில நிமிரும்" என்றேன்.

"அடுத்த தலைமொறையா? நைனா, நான் அடுத்த வாரம் சட்னிக்குக் கேட்டுக்கினு கீறேன்."

அவர் என்னைவிட நான்கு வயது பெரியவர். நைனா என்பது அவர் வாயில் எல்லோருக்கும் பொதுவான சொல். அதில் கேலி கிடையாது என்று என் மனைவி சொல்வாள். நான் நம்பியதில்லை.

இரண்டாம் தலைமுறைக்கு நாற்பத்தெட்டு நாற்று நட்டேன். டின் போதாமல் உடைந்த வாளி, பழைய குடம், ஆலையில் தூக்கிப்போட்ட பெயின்ட் டப்பா எல்லாம் நிரம்பியது. பின்கட்டில் துணி உலர்த்த இடமில்லை. நாற்பத்து நான்கு பிழைத்தன. அவற்றில் காய் நிமிர்ந்து நின்றவை சரியாகப் பதினொன்று. நான்கில் ஒன்று! அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஐந்து முறை எண்ணினேன், ஐந்து முறையும் பதினொன்று. என் வாழ்க்கையில் அவ்வளவு ஒழுங்காக வேறு எதுவும் நடந்ததில்லை. பதினொன்றில் பத்துக்கு மெல்லிய காய். ஒன்றே ஒன்று, முப்பத்தோராம் எண், நீலப் பெயின்ட் டப்பாவில் நின்றது, கட்டை விரல் பருமனில் வானத்தைப் பார்த்து இருபத்து மூன்று காய் காய்த்தது.

அதில் ஒன்றைக்கூட நான் கடித்துப் பார்க்கவில்லை. ஒரு காய் என்பது அறுபது எழுபது விதை. காரம் எவ்வளவு என்று தெரியாமலேயே அதன்முன் காலை மாலை நின்றுகொண்டிருந்தேன்.

அந்த வருடம்தான் இலைச்சுருட்டை வந்தது. முதலில் என் செடிகளில். கொழுந்து சுருண்டு, இலை வெளிறி, காயோடு உதிரும் நோய். கண்ணுக்குத் தெரியாத செடிப்பேன் கையில் ஒட்டிப் பரவும், நோய்ச் செடியைத் தொட்ட கையால் நல்ல செடியைத் தொடாதே என்று விவசாய இலாகா துண்டுத்தாளில் அச்சடித்திருந்தது. அதை நான் படித்திருந்தேன். என் செடிகள் வரை கடைப்பிடித்தும் வந்தேன், ஒவ்வொரு முறையும் சோப்பு போட்டுக் கை கழுவினேன். ஆனால் ஃபிட்டரின் செடியைக் காலையில் எண்ணும் பழக்கத்தை நான் விட்டிருக்கவில்லை. அது புதர்போல் மண்டியிருந்தது. இலையை ஒவ்வொன்றாக விலக்கினால்தான் உள்ளே இருக்கும் காய் எண்ணிக்கைக்கு வரும். என் டின்களையெல்லாம் பார்த்துவிட்டு அதே கையோடு சுவரில் சாய்வேன். அங்கே போகுமுன் ஒரு நாளும் கை கழுவியதில்லை.

ஒரு காலை அவர் மனைவி குடத்தோடு சீக்கிரம் திரும்பிவிட்டாள்.

"சார், எண்ணாதீங்க சார். பிஞ்சு அழுவிப் பூடும்."

"நான் விரல் நீட்டலம்மா. கண்ணாலதான் பாத்தேன்."

"கண்ணு இன்னும் மோசம் சார்."

அன்று விடுமுறையில் இருந்த ஃபிட்டர் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்: "உடு மே! டெய்லி ஆபீஸ்ல நம்மளயே எண்ணிக்கினு கீறாரு. நாம இன்னா அழுவியா பூட்டோம்?"

மூன்று வாரத்தில் அவர் செடியின் கொழுந்து சுருண்டது. ஒரு மாதத்தில் பாதி இலை கொட்டிவிட்டது. அன்று எண்ணிக்கை ஐம்பத்தாறு. மறுவாரம் இருபத்தொன்பது. உண்மையைச் சொல்லித்தான் ஆகவேண்டும்: அந்த இரண்டு எண்களையும் சொல்லிக்கொண்டே நான் ஆலைக்குச் சைக்கிள் மிதித்தேன். லேசாக இருந்தது.

என் முப்பத்தோராம் எண்ணும் தப்பவில்லை. ஆனால் அதற்குள் ஒன்பது காய் பழுத்திருந்தன. மற்ற பதினான்கும் பச்சையாகவே செடியோடு போயின. ஒன்பதையும் காம்போடு பறித்து, ஊசியில் சிவப்பு நூல் கோத்து, சமையலறைப் பக்கத்து இறவாணத்தில் மழை படாமல் காயக் கட்டினேன். இனி அந்த மிளகாய் என்று உலகத்தில் இருப்பது இந்த ஒன்பதுக்குள் இருக்கும் விதைதான். தினமும் ஆலைக்குப் போகுமுன் ஒன்று, இரண்டு என்று ஒன்பது வரை தொட்டுவிட்டுப் போவேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை, விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கொஞ்சம் முன், வேலை முடிந்து வந்தேன். நூல் ஆடிக்கொண்டிருந்தது. அதில் இரண்டு மிளகாய்.

"மீதி எங்க?"

மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "பக்கத்து ஊட்டக்கா வந்து கேட்டாங்க. செடிக்குச் சுத்திப் போடணுமாம். வத்தல் ஒத்தப்படையா வேணும்னாங்க. நம்ம டப்பா காலி. அதான் ஏழு குடுத்தேன்."

மிஞ்சிய இரண்டையும் தொட்டு எண்ணினேன்.

"ஒன்பதுல ஏழுதானே எடுத்தேன்? ரெண்டு வெச்சிருக்கேன் இல்ல?" என்றாள். "கையில கூடக் குடுக்கல. மொறத்துல வெச்சுத்தான் குடுத்தேன், சண்ட வரக் கூடாதுன்னு."

பின்கட்டுக்கு ஓடினேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஆறு வீட்டுப் பெண்களில் நால்வர் நின்றிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள் ஃபிட்டரின் மனைவி. செவ்வாய்க்கிழமை சுற்றிப் போட அது தடையாக இருந்ததில்லை. கையில் உப்பும் தெருமுனை மண்ணும் என் ஏழு மிளகாயும் வைத்துக்கொண்டு, எலும்பாகிவிட்ட அந்தச் செடியைச் சுற்றினாள்.

"போறவங்க கண்ணு, வர்றவங்க கண்ணு, பறிச்சுத் துன்னவங்க கண்ணு, எண்ணிக்கினே இருக்கறவங்க கண்ணு..."

சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. மற்ற மூவரும் பார்த்தார்கள்.

நிறுத்துங்கள், அது விதை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் 'எண்ணிக்கினே இருக்கறவங்க' என்ற சொல் முடிந்த அந்தக் கணத்தில் வாய் திறந்து திருஷ்டியை நிறுத்தச் சொல்கிறவன் யாராக இருப்பான் என்று அங்கே நிற்கிற எல்லோருக்கும் தெரியும். நான் வாயை மூடிக்கொண்டேன். இரும்புச் சட்டியில் இருந்த தணலில் அவள் கையைக் கவிழ்த்தாள்.

சுற்றிப் போடுகிறதில் ஒரு கணக்கு உண்டு. மிளகாய் எரியும்போது நெடி வராவிட்டால் கண்பட்டிருக்கிறது என்று பொருள். நெடி வந்தால் கண் இல்லை. எல்லோரும் சட்டியையே பார்த்தார்கள். உப்பு வெடித்தது. மூன்று, நான்கு நொடி ஒன்றும் இல்லை. மூவரில் ஒருத்தி தலையை ஆட்டத் தொடங்கினாள். நான் சுவர்மேலிருந்த கையை எடுத்துக்கொண்டேன்.

பிறகு வந்தது நெடி. முதல் இருமல் ஃபிட்டரின் மனைவியுடையது. சட்டியை அப்படியே விட்டுவிட்டுப் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். அடுத்தடுத்து மற்ற மூவரும். இரண்டாவது வீட்டில் இருமினார்கள், முதல் வீட்டில் இருமினார்கள், தெருவில் போன சைக்கிள்காரர் இறங்கி நின்று இருமினார். ஃபிட்டர் உள்ளேயிருந்து வெற்றுடம்போடு வெளியே வந்தார். கண்ணிலும் மூக்கிலும் நீர்.

"யோவ்! இன்னாய்யா இது, பேஜாரு! நம்ம மொளகா ஒரு கூடை எரிச்சாலும் இப்டி வராது. எவன் ஊட்டு வத்தல் இது?"

"சார் ஊட்டுது" என்றாள் அவர் மனைவி, இருமலுக்கு நடுவே. "கண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல. சும்மா சாரச் சொன்னேன்."

ஃபிட்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சுவரருகே வந்தார். "சார், உன் மொளகாதான் சார் மொளகா!"

மூன்று வருடம் நான் காத்திருந்த சொல் அது. ஆறு குடும்பமும் சாட்சி. நானும் இருமிக்கொண்டுதான் இருந்தேன், நல்ல வேளையாக. என் கண்ணில் நீர் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. காரம் வந்துவிட்டது. பருமனும் நிற்பும் காரமும் ஒரே மிளகாயில் வந்துவிட்டன, சட்டியில் கரியாகக் கிடந்தன. அதோடு எனக்குக் கண் இல்லை என்றும் அந்த லைன் வீடு தீர்ப்புச் சொல்லிவிட்டது. என் வலது கையைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் ஷிப்ட் முடிந்து ஃபிட்டர் என் வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. என் மனைவி விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள்.

"வெதயாம் சார் அது. மூணு வருசமா பண்ணதாம். தெரியாமப் பண்ட்டாங்க. நான் இன்னா சொல்றதுன்னே தெரில." கையில் ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது. அதைப் படிமேல் வைத்தார். "செடியப் புடுங்கிட்டேன். கடைசியா இருந்ததுல நல்லதாப் பாத்து எடுத்துக்கினு வந்தேன். உங்களுதுக்கு ஈடு இல்லதான். வெச்சுக்கோங்க."

பிரித்துப் பார்த்தேன். பதினேழு மிளகாய். அவர் எண்ணியிருக்க மாட்டார்.

சொல்ல வேண்டியது அப்போது நாக்கு நுனிவரை வந்தது. சுவர்மேல் சாய்ந்த காலைகள், கழுவாத கை, தீக்குச்சி. சொல்லவில்லை. அதற்குப் பதில் உள்ளே போய் நூலிலிருந்து ஒரு மிளகாயைக் கழற்றினேன். இரண்டையும் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்து, விதைச் சத்தம் குறைவாகக் கேட்டதைத்தான் எடுத்தேன். அதைக் கொண்டுவந்து படிமேல் வைத்தேன்.

"அய்யோ வேணாம் சார். ரெண்டே ரெண்டு கீதாமே?"

"எடுத்துக்குங்க" என்றேன். "குழாயடியில வேணாம். போன செடி நின்ன மண்ணு ஆகாது. வேற இடத்துல போடுங்க."

அந்த அளவுக்காவது சொன்னேன்.

எனக்கு நின்ற மிளகாயில் எழுபத்தொரு விதை. புது மண், புது டின், எண், லேபிள். நாற்பத்தாறு முளைத்தது, இலைச்சுருட்டை மறுபடி வந்தது, கடைசியில் நான்கு செடி. நான்கும் நோஞ்சான். ஃபிட்டரோ தன் வீட்டு முன்வாசலில், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், அந்த ஒரு மிளகாயைக் கசக்கி வீசியிருக்கிறார். எத்தனை விதை, எத்தனை முளைத்தது என்று கேட்டால், "மொளச்சுது சார், நெறைய" என்றார். கட்டை விரல் பருமனில், வானத்தைப் பார்த்துக்கொண்டு, துவைத்த தண்ணீரைக் குடித்துக் காய்த்தது அது. கேன்டீன்காரர் மறுபடியும் சைக்கிளில் வர ஆரம்பித்தார். வந்தவர்களிடமெல்லாம் ஃபிட்டர், "இது சாரோட மொளகா" என்றுதான் சொன்னார். நானே என் காதால் பல முறை கேட்டேன். ஆனால் பறித்துக்கொண்டு போனவர்கள் பறித்த இடத்தின் பேரைத்தான் வைத்தார்கள். பெண்கள் பிறந்த வீட்டுக்குக் கொண்டுபோனார்கள், வேலை மாறிப் போனவர்கள் விதையோடு போனார்கள்.

போன வருடம் ஒரு கல்யாணத்துக்காக அந்தப் பக்கம் போயிருந்தேன். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்கு வெளியே தரையில் கூறு கட்டி மிளகாய் விற்றுக்கொண்டிருந்த பெண்ணிடம் நின்றேன். குனிந்து பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"இது இன்னா மொளகாம்மா?"

"ஃபிட்டர் மொளகா தாத்தா. காரம் பாத்துப் போடு."

கூறு ஒன்றுக்கு இருபத்திரண்டு மிளகாய். இரண்டு கூறு வாங்கினேன். ஒரு கூற்றில் ஒன்று குறைந்தது. சொன்னேன். எடுத்துப் போட்டாள்.